குழு ஓட்டமும் பூங்காப் பணியும்: ஓசூர், கிருஷ்ணகிரி பகுதி மக்களுக்கான நலவாழ்வு விளக்கம்

ஐந்து முதல் இருபது பேர் வரை, வாரத்தில் ஒரு குறித்த நாளில் அருகிலுள்ள பூங்காவிலோ ஏரிக்கரையிலோ கூடி, சிறிது தொலைவு மெல்லோட்டம் ஓடி, பின்னர் அதே இடத்தில் அரை மணி நேரம் பொதுப்பணி செய்யும் வழக்கம் பல நாடுகளில் பரவியுள்ளது. குப்பை சேகரித்தல், களை அகற்றுதல், மரக்கன்றுகளுக்கு நீர் ஊற்றுதல், மழைநீர் தேங்கும் பொருள்களை அப்புறப்படுத்துதல் ஆகியவை அப்பணியில் அடங்கும். இதனால் உடலுக்குக் கிடைக்கும் நன்மைகளையும், தொடங்கும் முன் நீங்கள் கவனிக்க வேண்டியவற்றையும் இப்பக்கம் விளக்குகிறது. ஷிப்ட் முறையில் பணிபுரியும் தொழிலாளர்கள் மிகுந்த ஓசூர், கிருஷ்ணகிரி தொழிற்பகுதியை மனத்தில் கொண்டு இது எழுதப்பட்டுள்ளது.

இதில் பங்கேற்க ஓடத்தான் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. விரைவாக நடப்பவர்களுக்கும், ஓட இயலாமல் பூங்காப் பணியை மட்டும் செய்பவர்களுக்கும் இக்குழுக்களில் இடம் உண்டு.

இவ்வழக்கம் தோன்றிய விதம்

ஓடும் வழியில் குப்பையைப் பொறுக்கிச் செல்லும் முறைக்கு 'பிளாக்கிங்' என்று பெயர். 'பொறுக்கி எடு' என்னும் பொருள் தரும் சுவீடிய மொழிச் சொல்லும் 'ஜாகிங்' என்பதும் சேர்ந்து உருவான பெயர் இது. 2016-ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் நகரில் எரிக் ஆல்ஸ்ட்ரோம் என்பவர் இதனை ஓர் இயக்கமாகத் தொடங்கினார். அதற்கு முன்னரே, 2009-இல் லண்டனில் தோன்றிய 'குட்ஜிம்' என்னும் அமைப்பு, ஓடிச் சென்று பூங்காக்களில் மண் கொத்துவதையும் தனித்து வாழும் முதியோரைப் பார்த்து வருவதையும் உடற்பயிற்சியாகவே வகுத்தது. இந்தியாவில் 2019 அக்டோபர் 2 அன்று 'ஃபிட் இந்தியா' இயக்கத்தின் சார்பில் பிளாக்கிங் ஓட்டம் நடத்தப்பட்டது. அதே மாதம் மாமல்லபுரம் கடற்கரையில் பிரதமர் குப்பை சேகரித்தபடி நடந்த காட்சி வெளியானபின், இச்சொல் தமிழ்நாட்டிலும் பலருக்கு அறிமுகமாயிற்று.

தமிழ்நாடு அரசு 2023 நவம்பர் 4 அன்று தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தின் கீழ், 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நீள நடைபாதைகள் அடையாளம் காணப்பட்டன. புதிய குழுவினர் ஓடுவதற்குத் தனி இடம் தேடி அலைய வேண்டியதில்லை. உங்கள் மாவட்டத்தின் நலவாழ்வு நடைபாதையையோ அருகிலுள்ள பூங்காவையோ பயன்படுத்திக் கொள்ளலாம்.

உடலுக்கு என்ன பயன்?

வயது வந்தோர் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பு செய்ய வேண்டும். அத்துடன் வாரத்தில் இரண்டு நாள்களாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. ஓடுபவர்கள் பெரும்பாலும் முதலாவதை நிறைவேற்றி, இரண்டாவதை விட்டுவிடுகின்றனர். குந்தி எழுதல், வாளி சுமத்தல், மண்வெட்டி பிடித்தல் ஆகிய பூங்காப் பணிகள் தொடை, முதுகு, தோள் தசைகளுக்கு வேலை தருவதால் அக்குறையை ஓரளவு ஈடுசெய்கின்றன.

"தொழிற்சாலையில் எட்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை செய்கிறேன், அது போதாதா?" என்ற கேள்வி இப்பகுதியில் இயல்பானது. போதாது. ஒரே இடத்தில் நின்று ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வது உடலைக் களைப்படையச் செய்கிறது. ஆனால் இதயத்திற்கும் நுரையீரலுக்கும் தேவையான பயிற்சியைத் தருவதில்லை.

குழுவாகச் செய்வதில் தனிப் பயன் உண்டு. நடைக் குழுக்களைப் பற்றி 14 நாடுகளில், 1,843 பேரிடம் நடத்தப்பட்ட 42 ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் ஒரு மதிப்பாய்வு வெளியானது. குழுவாக நடந்தவர்களின் இரத்த அழுத்தமும், ஓய்வு நிலை இதயத்துடிப்பும், உடற்கொழுப்பும் குறைந்ததையும், மனச்சோர்வு தணிந்ததையும் அது காட்டியது. பங்கேற்றவர்களில் மிகச் சிலரே இடையில் விலகினர். தனியாக ஓடுபவர் மழை பெய்தால் படுக்கையை விட்டு எழுவதில்லை. தாம் நட்ட கன்று வாடுமே என்ற எண்ணமும், கையுறைப் பை தம்மிடம் இருக்கிறதே என்ற பொறுப்பும் உள்ளவர் எழுந்துவிடுகிறார். வெளி மாவட்டங்களிலிருந்தும் வெளி மாநிலங்களிலிருந்தும் வந்து விடுதிகளிலும் வாடகை அறைகளிலும் தங்கியுள்ள இளம் தொழிலாளர்களுக்கு, பணியிடத்திற்கு வெளியே நாலு பேரைத் தெரிந்துகொள்ள இது ஒரு வழியாகவும் அமைகிறது.

வாரம் தவறாமல் செய்வது ஏன் முக்கியம்?

டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு, முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக வளர ஏறத்தாழ 7 முதல் 10 நாள்கள் ஆகும். குளிர்ந்த மாதங்களில் இது மேலும் நீளலாம். ஆகவே, ஏழு நாள்களுக்கு ஒருமுறை தேங்கிய நீர் அகற்றப்படும் இடத்தில் கொசு வளர்ந்து பறக்க இயலாது. இரண்டு வாரம் விடுபட்டால் முன்பு செய்த பணியின் பயன் போய்விடுகிறது. மாதம் ஒருமுறை நூறு பேர் திரண்டு செய்யும் தூய்மைப் பணியைவிட, வாரந்தோறும் பத்துப் பேர் செய்யும் பணி கொசு ஒழிப்பில் மேலானது என்பதற்குக் காரணம் இதுவே.

இக்கொசு பகலில் கடிப்பது. சூரியன் உதித்த பின் சில மணி நேரமும், மறைவதற்கு முந்தைய சில மணி நேரமும் அது மிகுதியாகக் கடிக்கும். நீங்கள் ஓடுவதும் அந்நேரங்களில்தான். பூங்காவில் முதலில் கடிபடுபவர்கள் ஓடுபவர்களும் விளையாடும் குழந்தைகளுமே ஆவர்.

தேட வேண்டிய இடங்கள் பல. இளநீர்க் கூடு, தேங்காய்ச் சிரட்டை, தேநீர்க் கோப்பை, மடிந்து கிடக்கும் பிளாஸ்டிக் தாள், பூந்தொட்டியின் அடித்தட்டு, இயங்காத நீரூற்றுத் தொட்டி ஆகியவற்றை ஒவ்வொரு வாரமும் பாருங்கள். குழந்தைகள் விளையாடுவதற்காகப் பாதியளவு மண்ணில் புதைத்த டயர்கள் பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை. அவற்றின் உட்புறம் மழைநீர் வாரக்கணக்கில் நிற்கும். நீர் வடியத் துளையிடுமாறு பூங்காப் பராமரிப்பாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டைகள் கலத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, நீரின்றிப் பல மாதங்கள் வரை அழியாமல் இருந்து, அடுத்த மழையில் பொரிக்கும். அகற்றக்கூடியவற்றை அகற்றி, அகற்ற முடியாதவற்றைத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

இம்மாவட்டத்திற்குத் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவங்களிலும் மழை கிடைப்பதால், ஜூன் முதல் டிசம்பர் வரை இப்பணியில் இடைவெளி கூடாது.

ஓட்டம் முதலில், பணி பின்னர்

பல குழுக்கள் இரண்டையும் கலந்து செய்கின்றன. புதியவர்களுக்கு அது ஏற்றதன்று. வேகமாக ஓடி வந்து உடனே குனிந்தால் தலைசுற்றல் ஏற்படலாம். களைத்த உடலோடு பாரம் தூக்கும்போது இடுப்புப் பிடிப்பு வருவதும் உண்டு. பின்வரும் வரிசை பாதுகாப்பானது: ஐந்து நிமிடம் நடந்து உடலைச் சூடாக்குதல், 20 முதல் 30 நிமிடம் மெல்லோட்டம், ஐந்து நிமிடம் நடந்து மூச்சைச் சீராக்கி நீர் அருந்துதல், அதன் பின்னர் பணி.

முதல் மாதத்தில் ஒரு நிமிடம் ஓடி, இரண்டு நிமிடம் நடந்து, இதனைப் பத்து முறை செய்தால் போதுமானது. ஓடும்போது அருகில் இருப்பவரிடம் ஒரு முழு வாக்கியத்தை மூச்சுத் திணறாமல் பேச முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லையெனில் வேகத்தைக் குறையுங்கள். குழு ஓட்டத்தில் நேரும் காயங்களுக்கு ஒரு முக்கியக் காரணம், புதியவர் முன்னே செல்பவரின் வேகத்தை எட்ட முயல்வது. இதனைத் தவிர்க்க, பழகிய ஒருவர் எப்போதும் கடைசியில் வர வேண்டும். அவருக்குப் பின்னால் எவரும் இருக்கக் கூடாது. 2004-இல் லண்டன் புஷி பூங்காவில் 13 பேர் ஓடத் தொடங்கி, இன்று பல நாடுகளில் தன்னார்வலர்களால் மட்டுமே நடத்தப்படும் 'பார்க்ரன்' ஓட்டங்களில், கடைசியில் நடந்து வருவதற்கென்றே ஒரு தன்னார்வலர் இருப்பார்.

குப்பையை எடுக்கும்போது இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்கிக் குந்தி எடுங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் நீண்ட இடுக்கியைப் பயன்படுத்தலாம். பையை அவ்வப்போது கை மாற்றிக்கொள்ளுங்கள். குழி வெட்டுதல் கடினமான வேலை. அதனை ஓடாதவர்களிடம் விட்டுவிடுவது நல்லது.

ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காலை நேரம் குளிர்ச்சியாக இருக்கும். எட்டு மணி வரை பணி செய்யலாம். தாழ்வான கிருஷ்ணகிரி நகரிலோ, அணைப் பூங்கா பகுதியிலோ ஏப்ரல், மே மாதங்களில் அதே நேரக் கணக்கை வைத்துக்கொள்ளக் கூடாது. ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள்.

ஷிப்ட் பணியாளர்களுக்கு

இரவு ஷிப்ட் முடித்து, உறங்காமல் நேராகப் பூங்காவிற்கு வருவதைத் தவிருங்கள். உறக்கமற்ற உடலில் தடுமாறி விழுதலும் தசைக் காயமும் எளிதில் நேரும். அதைவிட, பின்னர் வண்டி ஓட்டி வீடு திரும்புவது ஆபத்தானது. பிற்பகல் ஷிப்ட் முடித்து நள்ளிரவில் உறங்கியவர், ஏழு மணி நேர உறக்கத்தைக் குறைத்துக்கொண்டு விடியற்காலையில் ஓட வேண்டியதில்லை.

ஞாயிறு காலை ஒன்று, வார நாளில் மாலை நாலரை மணிக்கு ஒன்று என இரு நேரங்களை வைத்துக்கொண்டால், ஷிப்ட் மாறும்போதும் ஏதேனும் ஒன்றில் கலந்துகொள்ளலாம். ஒரே ஒருவரை மட்டும் பொறுப்பாளராக வைத்த குழு, அவருக்கு இரவு ஷிப்ட் வரும் வாரத்தில் கூடாமல் போகும். பொறுப்பாளர்கள் குறைந்தது மூவர், வெவ்வேறு ஷிப்டுகளில் இருப்பவர்களாகத் தேவை. தமிழுடன் கன்னடமும் தெலுங்கும் இந்தியும் பேசுவோர் கலந்து வாழும் பகுதி இது. பாதுகாப்புக் குறிப்புகளை அனைவருக்கும் புரியும் மொழிகளில் சொல்லுங்கள். ஆபத்து என்றால் மூன்று முறை விசில் என்பது போன்ற ஓர் ஒலிக்குறியை முன்னரே முடிவு செய்துகொள்ளலாம்.

நீரிழிவும் இரத்த அழுத்தமும் உள்ளவர்கள்

இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு நோய் உள்ளதாக 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு மதிப்பிட்டது. இவர்களில் பலர் தம் நோயை அறியாதவர்கள். எனவே 30 வயதைக் கடந்தவர்கள், ஓடத் தொடங்கும் முன் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரை அளவையும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். வீடு தேடி வந்து இவற்றைப் பரிசோதித்து மருந்து வழங்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், 2021 ஆகஸ்ட் 5 அன்று இம்மாவட்டத்தின் சாமனப்பள்ளி கிராமத்தில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. ஆரம்ப சுகாதார நிலையங்களிலும், காப்பீடு பெற்ற தொழிலாளர்கள் இ.எஸ்.ஐ. மருந்தகங்களிலும் இப்பரிசோதனையைச் செய்துகொள்ளலாம். நடக்கும்போது நெஞ்சு இறுக்கமோ மூச்சுத்திணறலோ வருபவர்களும், இதய நோய்க்குச் சிகிச்சை பெற்றவர்களும், கருவுற்றவர்களும் மருத்துவரிடம் கேட்காமல் ஓடத் தொடங்கக் கூடாது.

இன்சுலின் அல்லது கிளிமிபிரைடு போன்ற மாத்திரை எடுத்துக்கொள்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. அரை மணி ஓட்டத்திற்கு மட்டும் கணக்கிட்டு வந்தவர், பூங்காப் பணியில் ஆழ்ந்து ஒன்றரை மணி நேரம் உழைத்துவிடுவது உண்டு. அப்போது சர்க்கரை அளவு அபாயகரமாகக் குறையலாம். வெறும் வயிற்றில் வராமல், வாழைப்பழமோ ஒரு குவளை ராகிக் கூழோ அருந்தி வாருங்கள். சட்டைப்பையில் சர்க்கரை அல்லது குளுக்கோஸ் இருக்கட்டும். நடுக்கம், வியர்வை, திடீர்ப் பசி, தடுமாற்றம் ஏற்பட்டால் பணியை நிறுத்தி, மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடத்தில் சரியாகாவிடில் மீண்டும் குடியுங்கள். சர்க்கரைக் குறைவு பல மணி நேரம் கழித்தும் வரக்கூடும். அன்று மாலையோ இரவோ இயந்திரத்தை இயக்கும் பணிக்குச் செல்பவர்கள் இடையில் உணவைத் தவறவிடக் கூடாது. பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் பணி முடிந்ததும் காலணியைக் கழற்றிக் கொப்புளமோ முள்ளோ உள்ளதா எனப் பார்க்க வேண்டும்.

பார்த்தீனியம் செடியைக் கையாளுதல்

வெள்ளை நிறத்தில் சிறு பூக்களும், கேரட் இலை போன்ற இலைகளும் கொண்ட பார்த்தீனியம், 1950-களில் புனே பகுதியில் கண்டறியப்பட்டுப் பின்னர் நாடெங்கும் பரவிய களை. காலி மனைகளிலும் சாலை ஓரங்களிலும் பூங்கா வேலியோரங்களிலும் இதனைக் காணலாம். 'களைதானே' என்று வெறுங்கையால் பிடுங்குவது தவறு. இதிலுள்ள பார்த்தெனின் என்னும் வேதிப்பொருள் தோல் ஒவ்வாமையை உண்டாக்கும். மகரந்தம் தும்மலையும் ஆஸ்துமாவையும் தூண்டும். இமை, கழுத்து, முழங்கை மடிப்பு ஆகிய இடங்களில் அரிப்பும் தடிப்பும் தோன்றுவது இதன் அறிகுறி. ஒருமுறை ஒவ்வாமை ஏற்பட்டவருக்கு, அடுத்த முறை அருகில் சென்றாலே மீண்டும் வரலாம்.

மழைக்குப் பின் மண் ஈரமாக இருக்கும்போது, பூப்பதற்கு முன், நீண்ட கையுறையும் முழுக்கைச் சட்டையும் முகக்கவசமும் அணிந்து வேரோடு பிடுங்குங்கள். பூத்துவிட்ட செடியை உலுக்கக் கூடாது. ஓடி முடித்து ஆழமாக மூச்சு வாங்கும் நிலையில் அதன் அருகே செல்லாதீர்கள். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு வேறு பணி கொடுங்கள். இலைகளில் கோடுகள் கொண்ட சிறு வண்டுகள் தென்பட்டால் அவற்றைக் கொல்ல வேண்டாம். இக்களையைத் தின்பதற்காக மெக்சிகோவிலிருந்து கொண்டுவரப்பட்டு, 1980-களில் பெங்களூருவில் விடப்பட்ட வண்டின் வழித்தோன்றல்களாக அவை இருக்கலாம்.

பிடுங்கிய செடியையோ சருகையோ எரிக்கக் கூடாது. அந்தப் புகையை முதலில் சுவாசிப்பவர்கள் நீங்களாகவே இருப்பீர்கள்.

தொடக் கூடாதவை, செல்லக் கூடாத இடங்கள்

ஊசி, மருத்துவக் கழிவு, உடைந்த கண்ணாடி, பயன்படுத்திய அணையாடை, பெயர் தெரியாத வேதிப்பொருள் டப்பா ஆகியவற்றைத் தன்னார்வலர்கள் எடுக்க வேண்டாம். இடத்தை அடையாளமிட்டு மாநகராட்சியின் சுகாதாரப் பிரிவுக்குத் தெரிவியுங்கள். மற்றவற்றை மட்கும் குப்பை, மட்காத குப்பை எனப் பிரித்து, தூய்மைப் பணியாளர் எடுத்துச் செல்லும் இடத்தில் வையுங்கள். குவித்துப் போட்டுவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு செல்வது அவர்களது வேலையை இரட்டிப்பாக்கும். பூங்கா, ஏரிக்கரை ஆகியவற்றில் பணி செய்வதற்கு, அதனைப் பராமரிக்கும் உள்ளாட்சி அமைப்பின் அனுமதியை முன்கூட்டியே எழுத்தில் பெறுவது முறை.

ஏரி நீரில் இறங்க வேண்டாம். கெலவரப்பள்ளி அணைப் பகுதியில் தென்பெண்ணை ஆற்றில் நுரை பொங்கி வரும் நாள்களில் நீரையும் நுரையையும் தொடக் கூடாது. பெங்களூரு பகுதியின் கழிவுநீர் கலந்து வரும் நீர் அது. சரக்கு லாரிகள் செல்லும் நெடுஞ்சாலை ஓரத்திலும், அதன் சர்வீஸ் சாலையிலும் ஓடுவதைத் தவிர்த்து, பூங்காவின் உள்வட்டப் பாதையில் ஓடுங்கள். மூச்சு வேகமாகும்போது உள்ளிழுக்கும் புகையின் அளவும் கூடுகிறது.

சருகுக் குவியலில் கையை விடும் முன் நீண்ட குச்சியால் கிளறிப் பாருங்கள். கணுக்காலை மூடும் காலணி அணியுங்கள். தெரு நாய் துரத்தினால் ஓட்டத்தை நிறுத்தி நின்றுவிடுங்கள். ஓடினால் நாயும் தொடர்ந்து துரத்தும்.

எப்போது மருத்துவ உதவி தேவை?

நெஞ்சு வலி, மயக்கம், வியர்வையுடன் கூடிய மூச்சுத்திணறல் ஏற்பட்டால் உடனே 108 எண்ணை அழையுங்கள். வெயிலில் பணி செய்தவர் குழப்பமாகப் பேசினாலோ, உடல் கொதித்தாலோ, நிழலில் கிடத்தி உடல் முழுதும் நீர் ஊற்றி விசிறியபடியே ஆம்புலன்சுக்குக் காத்திருங்கள்.

பாம்பு கடித்தால் கடிபட்ட உறுப்பை அசைக்காமல் வைத்து, மோதிரம், கொலுசு போன்றவற்றைக் கழற்றி, அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். கயிற்றால் இறுக்கிக் கட்டுதல், கீறுதல், உறிஞ்சுதல் ஆகியவை கூடாது. நச்சுமுறிவு மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கிறது.

நாய் கடித்தாலோ பிராண்டினாலோ, சிறு காயம் என்று விடாமல், ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். ஊசி குத்திவிட்டால் காயத்தைப் பிதுக்காமல் சோப்பும் நீரும் கொண்டு கழுவி, இயன்றவரை இரண்டு மணி நேரத்திற்குள் அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள், எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்திற்குள் தொடங்கினால்தான் பயன் உண்டு. துருப்பிடித்த கம்பியோ முள்ளோ கிழித்து மண்பட்ட காயமாக இருந்து, கடைசி டெட்டனஸ் தடுப்பூசி போட்டு ஐந்து ஆண்டுகள் கடந்திருந்தால், மீண்டும் ஒரு தவணை தேவைப்படும்.

பூங்காப் பணி செய்த சில நாள்களில் காய்ச்சலும் கண்ணுக்குப் பின்னால் வலியும் வந்தால், ஆஸ்பிரின், ஐபுபுரூபன் மாத்திரைகளைத் தாமாக வாங்கி உட்கொள்ளாமல் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஐயங்களுக்கு 104 மருத்துவ உதவி எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.